முழங்கால் ரெடி, பெண் ரெடியில்லை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விளையாட்டுக் காயங்களைப் பற்றியவை. நெட்பால், ஃபுட்பால், கிரிக்கெட், காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் என்று நம் தென்னாப்பிரிக்காவில் டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை ஆளுக்கு ஒரு அடி. எந்த மாத்திரை, எந்தத் தைலம் என்று கேட்டவர்கள் குறைவு. மனசு ஏன் இப்படிப் படுத்துகிறது என்று கேட்டவர்கள்தான் அதிகம். முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நான் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், மனநல டாக்டர் இல்லை. ஆனால் ஒருவரின் முழங்காலை அரை மணி நேரம் மடக்கி நீட்டிக்கொண்டிருந்தால் அவர் வீட்டில் சொல்லாததை எல்லாம் நம்மிடம் சொல்லிவிடுவார். அப்படிக் கேட்டது நிறைய.

கேள்வி: என் மகளுக்குப் பதினேழு வயது. பள்ளி நெட்பால் அணியில் சென்டர் ஆடுகிறவள். ஒரு மேட்சில் பந்தைப் பிடித்துக் கீழே இறங்கும்போது இடது முழங்காலில் ஏசிஎல் தசைநார் அறுந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பத்து மாதம் ஆகிறது. சர்ஜனும் பிசியோவும் ஆடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் சனிக்கிழமை வந்தால் ஒரு காரணம் சொல்கிறாள். வயிற்று வலி, பரீட்சை, ஷூ கடிக்கிறது. நானும் அவள் அப்பாவும் ‘பயப்படாதே, ஒன்றும் ஆகாது’ என்று தினமும் சொல்கிறோம். ரக்பி வீரர் கொலிசி நாலே மாதத்தில் திரும்பி வந்து உலகக் கோப்பையே வாங்கவில்லையா என்று அவள் மாமா கேலி செய்கிறார். இது பயமா, சோம்பேறித்தனமா? — ஓர் அம்மா, சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, சோம்பேறியாக இருந்தால் பத்து மாதம் பிசியோ பயிற்சி செய்திருக்க மாட்டாள். அந்தச் சந்தேகத்தை இதோடு விட்டுவிடுங்கள்.

பயம்தான். ஆனால் எதற்குப் பயம் என்று பாருங்கள். நெட்பாலில் பந்தைப் பிடித்தவர் ஓடக் கூடாது. முதலில் ஊன்றிய காலைத் தூக்கலாம், ஆனால் பந்தை விடுவதற்குள் மறுபடி அதைத் தரையில் வைக்கக் கூடாது. மூன்று விநாடிக்குள் பந்து கையை விட்டுப் போய்விட வேண்டும். அதனால் வேகமாக ஓடி வந்து, எம்பிப் பிடித்து, ஒற்றைக் காலில் சட்டென்று நிற்பதுதான் அந்த ஆட்டமே. ஏசிஎல் என்பது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முன்னால் நழுவாமலும் திருகிக்கொள்ளாமலும் பிடித்து வைக்கிற தசைநார். சட்டென்று நிற்கிற அந்த நொடியில் அதன் மேல் சுமை ஏறுகிறது. உங்கள் மகளுக்கு அறுந்ததும் அப்படி நின்றபோதுதான். அதே அசைவை அவள் ஒரு மேட்சில் எத்தனை தடவை செய்ய வேண்டும்! சென்டர் ஆடுகிறவள் கிட்டத்தட்ட மைதானம் முழுக்க ஓடுகிறவள், அவளுக்கு இன்னும் கூடுதல். ‘ஒன்றும் ஆகாது’ என்று நீங்கள் சொல்லும்போது அவள் மனசு என்ன சொல்லும்? போன தடவையும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துத்தான் குதித்தேன் என்று சொல்லும். அதற்கு உங்களிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

இந்தப் பயத்தை வெறும் மனப்பிரமை என்று தள்ளவும் முடியாது. பயந்தவள் தொடையை விறைப்பாக்கிக்கொண்டு இறங்குவாள். பந்தைப் பார்க்க வேண்டிய கண் முழங்காலைப் பார்க்கும். அடிபடாத காலிலேயே பாரத்தைப் போடுவாள். அப்படி இறங்கினால் உண்மையிலேயே மறுபடி அடிபடலாம். இளவயதுக்காரர்களில், மனத்தளவில் தயாராகாதவர்களுக்கு இரண்டாவது முறை ஏசிஎல் அறுவது கூடுதலாக இருந்ததாக ஆஸ்திரேலியாவில் செய்த ஓர் ஆய்வு சொல்கிறது. அதனால் அவள் தயங்குவதில் கொஞ்சம் புத்திசாலித்தனமும் இருக்கிறது.

அவள் மட்டும் இப்படி இல்லை. ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பற்றி வந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2014-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஏழாயிரம் பேருக்கு மேல். ஏதாவது ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 சதவீதம். பழைய தரத்துக்குத் திரும்பியவர்கள் 65 சதவீதம். போட்டிகளுக்குத் திரும்பியவர்கள் 55 சதவீதம்தான். திரும்பாதவர்கள் எல்லோருக்கும் முழங்கால் கெட்டுப் போயிருந்தது என்று நினைக்காதீர்கள். மறுபடி அடிபடுமோ என்ற பயம் அந்தக் காரணங்களில் முக்கியமான ஒன்று. இதை அளக்கவே 2008-இல் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தயாரித்தார்கள். உன் முழங்காலை நினைக்காமல் ஆட முடியுமா, மறுபடி அடிபட்டுவிடும் என்று பயமா, இந்த மாதிரி. மகளின் பிசியோவிடம் ஏசிஎல்-ஆர்எஸ்ஐ என்று கேளுங்கள், தெரிந்திருக்கும். முழங்காலை அளந்தவர்கள் இதையும் ஒருமுறை அளக்கட்டும்.

மாமாவுக்கு ஒரு வார்த்தை. சியா கொலிசிக்கு 2023 ஏப்ரலில் அடிபட்டது, ஆகஸ்டில் ஆடினார், அக்டோபரில் கோப்பையைத் தூக்கினார், எல்லாம் உண்மை. ஆனால் அவருக்குத் தசைநார் பாதிதான் கிழிந்திருந்தது. முழுதாக அறுந்து புதுத் தசைநார் வைத்துத் தைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஒன்பது மாதம் வரை, திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி அடிபடும் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று நார்வேயில் 2016-இல் கண்டார்கள். உங்கள் மகள் அதையும் தாண்டிக் காத்திருக்கிறாள். நல்லதுதான்.

உதாரணம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் மாமா வெய்ட் வான் நீகெர்க்கைச் சொல்லட்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எட்டாவது லேனிலிருந்து 400 மீட்டரை 43.03 விநாடியில் ஓடி, மைக்கேல் ஜான்சனின் 1999 சாதனையை முறியடித்தவர். அடுத்த வருஷம் அக்டோபரில் கேப்டவுனில் ஒரு ‘டச்’ ரக்பி ஆட்டத்தில், அதாவது ஆளைப் பிடித்துத் தள்ளாமல் தொட மட்டும் செய்கிற ரக்பியில், அதுவும் வேடிக்கைக்காக ஆடியதில், அவருக்கு ஏசிஎல் போனது. திரும்பி வர வருஷக்கணக்கில் ஆனது. அந்த 43.03-ஐ மறுபடி தொடவில்லை. ஆனாலும் 2023-இல் புடாபெஸ்ட் உலகப் போட்டியின் இறுதி ஓட்டத்தில் நின்றார். எனக்குப் பிடித்த கதை இதுதான், ஏனென்றால் இதில் பொய் இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ‘பயப்படாதே’ என்ற சொல்லை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக ‘எந்த அசைவுக்குப் பயம்? பத்துக்கு எத்தனை?’ என்று கேளுங்கள். ஒற்றைக் காலில் இறங்குவதற்கு ஒன்பது என்பாள், நேராக ஓடுவதற்கு ஒன்று என்பாள். அதை அவளே ஒரு தாளில் எழுதட்டும், குறைந்த பயத்திலிருந்து கூடின பயம் வரை. வீட்டுப் புல்தரையில் இரண்டு காலில் இறங்குவது, அப்புறம் ஒற்றைக் காலில், அப்புறம் தங்கை வீசும் பந்தைப் பிடித்து இறங்குவது, அப்புறம் பக்கத்தில் ஒருத்தி இடிக்க வரும்போது, அப்புறம் பயிற்சியில் பாதி, அப்புறம் நட்பு ஆட்டத்தில் பத்து நிமிடம். ஒரு படியில் பயம் மூன்றுக்கு இறங்கிய பிறகு அடுத்தது. எந்தப் படி, எந்த நாள் என்பதை அவளும் பிசியோவும் முடிவு செய்யட்டும். நீங்கள் செய்யாதீர்கள், மாமா நிச்சயமாக வேண்டாம். காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு முதலில் கஞ்சிதானே கொடுக்கிறோம், பிரியாணியா போடுகிறோம்? சனிக்கிழமை முழு மேட்ச் என்பது பிரியாணி.

ராத்திரி படுக்கும்போது ஒரு சின்ன வேலையும் செய்யலாம். மூச்சை நிதானமாக விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தன் கண்ணாலேயே பார்ப்பது போல அந்த ஆட்டத்தை மனசில் ஓட்டுவது. பந்து வருகிறது, எம்புகிறாள், பிடிக்கிறாள், முழங்கால் மடங்கி மெத்தென்று இறங்குகிறாள், பந்தை அனுப்புகிறாள். ஏசிஎல் ஆபரேஷன் முடிந்த முப்பது பேரை வைத்து இதைச் செய்து பார்த்தார்கள், 2001-இல் வெளிவந்தது. உடலைத் தளர்த்தி இப்படிக் கற்பனை செய்தவர்களுக்கு ஆறு மாத வாக்கில் முழங்கால் பலமும் கூடியிருந்தது, பயமும் குறைந்திருந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் காசு செலவில்லை, கெடுதலும் இல்லை.

இன்னும் இரண்டு. அவள் பயிற்சி செய்யும்போது ஓரத்தில் நின்று பார்ப்பீர்கள் இல்லையா? அவள் எம்பும்போது நீங்கள் ‘ஐயோ’ என்று வாயைப் பொத்தினால், அவள் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான். முடியாவிட்டால் காரில் உட்கார்ந்துகொள்ளுங்கள். அப்புறம், ஒரே ஒரு தடவை, சமையலறையிலோ காரிலோ யாரும் இல்லாத நேரத்தில் கேளுங்கள்: உனக்கு இனிமேல் நெட்பால் ஆட வேண்டும் என்று இருக்கிறதா? இல்லை என்று சொன்னாலும் அது சரியான பதில்தான். சில பிள்ளைகள் காயம் வந்த பிறகுதான் மூச்சு விடுகிறார்கள்.

முழங்கால் தழும்பைப் பார்த்து ‘நாளைக்குக் கல்யாணம் காட்சி என்றால்’ என்று இழுக்கிற அத்தைமார்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நாற்பத்தொரு வயது. பெரிய வெள்ளிக்கிழமை அன்று பத்து வருஷத்துக்கு மேலாகத் தீமிதிக்கிறேன். நெருப்பில் நடக்கும்போது வலி என்றால் என்ன என்றே தெரியாது. போன ஆகஸ்டில் வெட்டரன்ஸ் ஃபுட்பாலில் விழுந்து முழங்கால் சில்லு உடைந்தது. கம்பி போட்டுக் கட்டினார்கள். இப்போது பிசியோ காலை மடக்கினால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது, போன வாரம் கத்தியே விட்டேன். நண்பர்கள் ‘சாமி போய்விட்டதா?’ என்று சிரிக்கிறார்கள். எனக்கே அவமானமாக இருக்கிறது. — வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு நல்ல கேள்வி எனக்கு ரொம்ப நாளாக வரவில்லை.

கங்கும் அதன் மேல் படிந்த சாம்பலும் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், பாதம் படுவதும் ஒரு நொடிதான் என்று விஞ்ஞானம் படித்தவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், அது சரிதான். ஆனால் சூடு தெரியாமல் நடப்பதற்கு அது மட்டும் காரணம் இல்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து டாக்டர் இத்தாலியில் காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு கிழிந்து, எலும்பு நொறுங்கி வந்தவர்கள். வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டால் கால்வாசிப் பேர்தான் வேண்டும் என்றார்கள். 1946-இல் இதை எழுதினார். காயம் ஒன்றுதான். ஆனால் அந்தச் சிப்பாய்க்கு அதன் அர்த்தம், உயிர் பிழைத்தேன், வீட்டுக்குப் போகிறேன் என்பது. 1965-இல் மெல்சாக், வால் என்ற இரண்டு பேர் இது எப்படி நடக்கிறது என்று ஒரு விளக்கம் கொடுத்தார்கள். காயத்திலிருந்து வரும் செய்தி தண்டுவடத்தில் ஒரு வாசலைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும், மூளை அந்த வாசலைத் திறக்கவும் செய்யும், சாத்தவும் செய்யும் என்றார்கள். பிறகு அதில் பல திருத்தங்கள் வந்தன, ஆனால் அடிப்படை நிற்கிறது.

இப்போது உன் இரண்டு இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார். கோயிலில் நீ விரதம் இருந்து வந்திருக்கிறாய். மேளம் அடிக்கிறது. உன் மனைவி, பிள்ளைகள், முன்னால் நடந்தவர், பின்னால் வருகிறவர், எல்லோரும் இருக்கிறார்கள். நெருப்புக் குழி எங்கே முடிகிறது என்று உனக்குத் தெரியும். இறங்குவது நீயாக எடுத்த முடிவு. பிசியோ அறையில் இதில் ஒன்றாவது இருக்கிறதா? மல்லாந்து படுத்திருக்கிறாய். உன் காலை வேறொருவர் பிடித்திருக்கிறார். எப்போது நிறுத்துவார் என்று தெரியாது. ஒவ்வொரு சுருக்கிலும் ‘கம்பி பிய்ந்துவிட்டதோ’ என்று ஓர் எண்ணம். அந்த எண்ணம்தான் வாசலை அகலத் திறந்து வைக்கிறது. சாமி எங்கேயும் போகவில்லை.

அதனால் கோயிலில் இருப்பதில் கொஞ்சத்தை அந்த அறைக்குக் கொண்டு போ. பிசியோவிடம் முன்கூட்டியே கேள்: எந்த வலி வரலாம், எந்த வலி வரக் கூடாது? அவர் காலை மடக்கும்போது சத்தமாகப் பத்து வரை எண்ணட்டும், பத்தில் விட்டுவிட வேண்டும். நீ கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொள். கையைத் தூக்கலாம் என்று தெரிந்தாலே பெரும்பாலும் தூக்க வேண்டி வராது, இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். முடிந்தால் உன் காலை நீயே ஒரு துண்டைப் போட்டு இழுத்து மடக்கு, அவர் பக்கத்தில் இருக்கட்டும். காதில் உனக்குப் பிடித்த மேளத்தைப் போட்டுக்கொள். மனைவியையும் உன்னோடு அழைத்துப் போ. பயிற்சி முடிந்து அன்று ராத்திரி வலித்து மறுநாளைக்குள் அடங்கினால் பரவாயில்லை. வீங்கிச் சூடாகி அடங்காமல் இருந்தால் உடனே சொல்லிவிடு.

கத்தியதில் அவமானம் ஒன்றும் இல்லை. அறுவை சிகிச்சை வார்டில் வேலை பார்த்தவர்களைக் கேள், போலீஸ்காரர்களும் கத்துவார்கள்.

நீ கேட்கவில்லை, ஆனால் உன் மனைவி கேட்பார்: இந்த வருஷம் தீமிதிக்கலாமா? கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படியில் இறங்க முடிகிறதா என்று பார். முடியாவிட்டால் குழியில் கால் தடுமாறினால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். சர்ஜனிடமும் பூசாரி ஐயாவிடமும் பேசு. ஒரு வருஷம் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து நின்றால் மாரியம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கேள்வி: பேரனுக்கு ஒரே சீசனில் இரண்டு தடவை தொடைச் சதை கிழிந்துவிட்டது. அவன் படத்தைப் பேப்பரில் போட்டதிலிருந்துதான் இது. திருஷ்டி என்று நான் சொன்னால் என் மகன் சிரிக்கிறான். சுற்றிப் போடலாமா? — ஆயா, டொங்காட்

பதில்: தாராளமாகப் போடுங்கள் ஆயா. பேரனுக்கு ஆயா கவலைப்படுகிறாள் என்று தெரிவதும் ஒரு மருந்துதான். ஆனால் தொடையின் பின்சதை ஒரு தடவை கிழிந்தால் மறுபடி கிழிவது ரொம்ப சகஜம், அதுவும் பலம் வருவதற்குள் வேகமாக ஓடினால். படம் பேப்பரில் வந்த பிறகு அவனுக்கு ஓய்வெடுக்க வெட்கமாக இருந்திருக்கலாம், அதையும் ஒருமுறை விசாரியுங்கள். பூசணிக்காயை உடைத்துவிட்டு, பிசியோ சொன்ன வாரக்கணக்கை எண்ணுகிற வேலையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். மகனை நம்ப வேண்டாம்.

கேள்வி: எனக்கு ஐம்பத்தாறு. காம்ரேட்ஸ் ஒன்பது தடவை முடித்தவன். பத்தாவதுக்கு மஞ்சள் நம்பர் வாங்கி வைத்திருந்தேன். போட்டிக்கு ஆறு வாரம் முன்னால் குதிகால் தசைநார் அறுந்தது. தைத்துவிட்டார்கள், நடக்கிறேன். ஆனால் அதற்கப்புறம் எனக்கு எதிலும் மனசு இல்லை. போட்டி நாளன்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். கிளப் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டேன். விடிகாலை மூன்றரைக்கு முழிப்பு வருகிறது, எழுந்து செய்ய ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஒரு பெக் இரண்டாகி மூன்றாகிவிட்டது. பிள்ளைகள் ‘போதும் டாடி, ஒன்பது மெடல் போதாதா’ என்கிறார்கள். — வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அண்ணா, வெளியூர் வாசகர்களுக்காக ஒரு நிமிடம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 1921-இல் தொடங்கிய ஓட்டம். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். நேரம் முடிந்ததும் ஓடி வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று ஒருவர் துப்பாக்கியால் சுடுவார். அதற்கப்புறம் ஒரு அடி பின்னால் இருந்தாலும் மெடல் கிடையாது. ஒன்பது முடித்தவர் பத்தாவது ஓடும்போது மஞ்சள் நம்பர் கட்டுவார். பத்து முடித்தால் பச்சை நம்பர். அந்த எண் ஆயுசுக்கும் அவருடையது, வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். இப்போது புரிகிறதா, ‘ஒன்பது போதாதா’ என்று பிள்ளைகள் கேட்டால் அவருக்கு ஏன் வயிறு எரிகிறது என்று? ஒன்பது நிச்சயமாகப் போதாது. அதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் இழந்ததைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மெடலா? ஞாயிறு விடிகாலை கூட்டம், ஓடிக்கொண்டே பேசுகிற பேச்சு, ஃபீல்ட்ஸ் ஹில்லில் திட்டிக்கொண்டே ஏறியது, வீட்டில் ‘அப்பா ஓடப் போயிருக்கிறார்’ என்ற பேச்சு. நீங்கள் யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ‘காம்ரேட்ஸ் ஓடுகிறவன்’ என்றுதானே. தன்னை விளையாட்டு வீரன் என்று மட்டுமே நினைத்தவர்களுக்குக் காயம் வரும்போது அடி பலமாக விழுகிறது என்று உளவியல் படித்தவர்கள் முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லி வருகிறார்கள். சாவு வீட்டில் அழுகிறவரிடம் யாரும் ‘போதும்’ என்று சொல்வதில்லை. உங்களுக்கும் அந்த இடம் வேண்டும். வீட்டில் ஒருமுறை உட்கார்ந்து ‘எனக்கு இது துக்கம்’ என்று சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் கேலி செய்ததாக நினைக்காதீர்கள், உங்கள் குதிகாலை நினைத்துப் பயந்து சொல்கிறார்கள்.

ஆனால் கிளப்பை விட்டது தப்பு அண்ணா. வலிக்கும் என்று தெரியும், இருந்தாலும் திரும்பிப் போங்கள், ஓடுகிறவராக இல்லாமல். ஒன்பது தடவை ஓடியவருக்கு பாலி ஷார்ட்ஸ் மேட்டை எப்போது நடந்து ஏற வேண்டும் என்று தெரியும், எந்த இடத்தில் தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தலையில் ஊற்ற வேண்டும் என்று தெரியும். முதல் தடவை ஓடுகிற பிள்ளைகளுக்கு அது தங்கம். வார நடுவில் அவர்களுக்கு நேரம் பார்த்துக் கொடுங்கள். போட்டி நாளில் தண்ணீர் மேஜையில் நில்லுங்கள். பன்னிரண்டு மணி பஸ், அதுதான் ஒருவர் முன்னால் நிதானமாக நடத்திப் போகிற அந்தக் கூட்டம், உங்களைக் கடக்கும்போது உங்களுக்குத் தொண்டை அடைக்கும். அடைக்கட்டும். படுக்கையறையில் தனியாக அடைப்பதைவிட அது மேல்.

வயது என்கிறார்களா? வாலி ஹேவர்ட் 1930-இல் காம்ரேட்ஸ் ஜெயித்தவர். 1989-இல், எண்பது வயதில், மறுபடி ஓடி முடித்தார். அப்போது காலக்கெடு பதினோரு மணி நேரம். இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் கோட்டைத் தாண்டினார். எல்லோரும் ஹேவர்ட் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் உங்கள் ஒன்பது அடுத்த வருஷம் எட்டாகிவிடாது, அதற்கு அடுத்த வருஷமும் ஆகாது. அந்தத் தசைநார் பழைய பலத்துக்கு வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். முதலில் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், மற்றக் காலுக்குச் சமமாக வரும் வரை. அப்புறம் பார்க் ரன் என்கிற ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், பத்து கிலோமீட்டர், அரை மாரத்தான். பச்சை நம்பரை இப்போதைக்குத் தேதியில்லாமல் வைத்திருங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடி ஈடுகட்டலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், வீக்கத்துக்குப் போடும் அந்த மாத்திரைகள் நீண்ட ஓட்டத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அந்த மூன்று பெக்கைப் பற்றி நேராகவே பேசுகிறேன். விடிகாலை முழிப்பு, எதிலும் மனசில்லாமை, ஆட்களை ஒதுக்குவது, குடி கூடுவது, இவை நான்கும் ஒன்றாக வந்திருக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அது மன அழுத்த நோயாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. இந்த வாரமே உங்கள் வீட்டு டாக்டரிடம் போய், குதிகாலைக் காட்டுவது போல இதையும் காட்டுங்கள். சாகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்திருந்தாலும் வாரம் முடியக் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே மனைவியிடம் சொல்லி அவரோடு போங்கள். எனக்கு மறுபடி எழுதுங்கள், உங்கள் கடிதத்தை நான் எதிர்பார்ப்பேன்.

கேள்வி: வேகப்பந்து வீசுகிறேன், வயது 22. முதுகெலும்பில் விரிசல். ஐந்து மாதமாக வெளியே இருக்கிறேன். என் இடத்தில் என் நண்பன் ஆடுகிறான். அவன் விக்கெட் எடுத்தால் கை தட்டுகிறேன், உள்ளே எரிகிறது. நான் கெட்டவனா அக்கா? — லெனேசியா

பதில்: இல்லைடா தம்பி. அவன் அவுட் ஆக வேண்டும், அடிபட வேண்டும் என்று மனசு ஓரத்தில் தோன்றியிருக்குமே, அதை நீ எழுதவில்லை. பரவாயில்லை, அதுவும் எல்லோருக்கும் தோன்றுகிறதுதான். நினைப்பது வேறு, செய்வது வேறு. நீ கை தட்டியிருக்கிறாய்.

எல்லா மேட்சுக்கும் போய் ஓரத்தில் உட்கார்ந்து எரிய வேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்றுக்குப் போ, ஒன்றை விடு. போகிற நாளில் கையில் ஒரு வேலை இருக்கட்டும்: ஸ்கோர் புத்தகம் எழுது, இல்லாவிட்டால் எதிரணி பேட்ஸ்மேன்கள் எந்தப் பந்தைத் தவறவிடுகிறார்கள் என்று குறித்து வை. இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்கு இந்த முதுகு விரிசல் அடிக்கடி வருவதுதான், எலும்பு ஒன்றுசேர மாதக்கணக்கில் ஆகும். வலி போய்விட்டது என்று ஸ்கேன் பார்க்காமல் நெட்ஸில் இறங்கிவிடாதே. உன் நண்பனிடம் ஒரு நாள் சொல்லிப் பார்: ‘நீ நன்றாக வீசுகிறாய், எனக்குப் பொறாமையாக இருக்கிறது.’ அவனும் நீ எப்போது திரும்பி வருவாயோ என்ற பயத்தில்தான் வீசிக்கொண்டிருப்பான்.